எந்தச் சித்தூர்?

குழு: வேலந்தாவளம் தோட்டத்துச் சொந்தங்கள்
13 மார்ச் 2025, வியாழன், மாலை 6:12

கவிதா: எல்லாருக்கும் கடைசியாக ஒரு தடவை. திங்கட்கிழமை ராகு காலம் 9 மணிக்கு முடிகிறது. 9:15க்குக் காது குத்து. தாய்மாமன் சீர் வந்து நின்றால்தான் ஆசாரி கையை வைப்பார். அண்ணி, தட்டு எத்தனை?

செந்தில் அண்ணன்: சரி

கவிதா: அண்ணா, நான் அண்ணியைக் கேட்டேன்

பிரபு: பிரியாணி உண்டா

கவிதா: கோயிலில் எங்கேடா பிரியாணி

பிரபு: சாயங்காலம் வீட்டில்?

லோகு அக்கா: (பகிர்ந்த செய்தி) சித்தூர் மாவட்ட ஆஷாக்களுக்கு (வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தொண்டர்கள்) நல்ல செய்தி!! இனி 62 வயது வரை வேலை. முதல் இரண்டு பிரசவத்துக்கு 180 நாள் சம்பளத்தோடு லீவு. வேலை முடிந்து போகும்போது பணிக்கொடை. எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்

லோகு அக்கா: சரசு பார்த்தாயா, நீயும் ஆஷாதானே

வாத்தியார் சித்தப்பா: மிக்க மகிழ்ச்சி சரசு. உழைப்புக்குக் கிடைத்த பலன்.

பெரியம்மா: 62ஆ. அதுவரைக்கும் வெயிலில் சுற்ற வேண்டுமா பாவம்

பிரபு: அண்ணி ட்ரீட்

சரசு அண்ணி: எந்தச் சித்தூர்?

லோகு அக்கா: எங்கள் சித்தூர்

பிரபு: அக்காஆஆ

திவ்யா: ஆரம்பித்துவிட்டது. என் கல்யாணப் புடவை பார்சல் ஆந்திரா போய்த் திரும்பி வந்த கதைதான் இதுவும்

லோகு அக்கா: அந்தப் புடவையை நான்தானே பிரித்து இஸ்திரி போட்டு அனுப்பினேன். அதற்கும் இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை

வாத்தியார் சித்தப்பா: குழப்பம் வேண்டாம், விளக்கிவிடுகிறேன். பெயர் ஒன்று, மாநிலம் வேறு. நம் சித்தூர் கேரளத்துப் பாலக்காட்டில், லோகுவின் சித்தூர் ஆந்திராவில். ஆந்திராவில் 2019இலேயே ஆஷாக்களுக்கு மாதம் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். லோகு அனுப்பியது இந்த மாதத் தொடக்கத்தில் சந்திரபாபு நாயுடு அரசு அறிவித்தது. நம் கேரளத்தில் மாநில அரசு தருவது ஓணரேரியம், அதாவது மதிப்பூதியம், மாதம் 7,000. அதற்கு மேல் தேசிய சுகாதார இயக்கத்தில் இருந்து செய்த வேலைக்கு ஏற்ற இன்சென்டிவ், அதில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40. 2005இல் திட்டம் தொடங்கியபோதே ஆஷா என்பவர் ஊழியர் அல்ல, தொண்டர் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. தொண்டருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. (தொடரும்)

பிரபு: சித்தப்பா தொடர வேண்டாம்

கவிதா: அண்ணி, தட்டு

சரசு அண்ணி: கவிதா, போனில் சொல்லலாம் என்று இருந்தேன். கேட்டுவிட்டாய், இங்கேயே சொல்கிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாலக்காட்டில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் ஆஷாக்களின் தலைமைச் செயலக முற்றுகை. நம் பஞ்சாயத்தில் இருந்து நான்கு பேர்

கவிதா: ???

கவிதா: அண்ணி விளையாடாதீர்கள்

பெரியம்மா: சீர் தட்டை யார் எடுப்பது

செந்தில் அண்ணன்: எனக்கு நேற்றுத்தான் தெரியும்

மணி பெரியப்பா: சரசு, அது நம்ம சங்கம் இல்லை. பிப்ரவரி 10இல் இருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன கிடைத்தது? டெல்லியில் கேட்க வேண்டியதை இங்கே கேட்டால் எப்படி. டெல்லி காசு தரவில்லை

திவ்யா: அப்பா, ராஜ்யசபாவில் மத்திய சுகாதார அமைச்சர் நட்டா பாக்கியே இல்லை என்கிறார். கேரளம் செலவுக் கணக்குச் சான்றிதழ் தரவில்லையாம்

மணி பெரியப்பா: அவர் சொன்னால் வேதமா

திவ்யா: நீங்கள் சொன்னாலும் இல்லை. மாமியாரைக் கேட்டால் மருமகள் என்கிறார், மருமகளைக் கேட்டால் மாமியார் என்கிறார். நடுவில் அண்ணி காய்கிறார்

மணி பெரியப்பா: வீட்டுக்கு வா பேசுவோம்

திவ்யா: எனக்கு நைட் டூட்டி

பிரபு: மூலத்தறை அணையில் தண்ணீர் விட்டார்களா? யாருக்காவது தெரியுமா

செந்தில் அண்ணன்: ஆளியாறில் இருந்து வருவது போதவில்லை. பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தில் கேரளத்துக்கு ஏழேகால் டி.எம்.சி. என்று இருக்கிறது. நம் வாய்க்காலில் முழங்கால் கூட இல்லை

பிரபு: போர் மோட்டாரும் காற்றுத்தான் இழுக்கிறது

பெரியம்மா: இப்போது தண்ணீரா முக்கியம்

செந்தில் அண்ணன்: தென்னைக்கு முக்கியம்

சரசு அண்ணி: மாமா, கொடி எது என்று நான் பார்க்கவில்லை. 7,000ஐ முப்பதால் வகுத்தேன், ஒரு நாளைக்கு 233 ரூபாய். போன வாரம் தேங்காய் போட வந்தவர் காலையில் எட்டு மரம் ஏறி 400 வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு டீ குடிக்கப் போய்விட்டார். கூடாது என்று சொல்லவில்லை, உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற வேலை. ஆனால் அந்த 7,000மும் முழுசாக வர பத்து நிபந்தனை. ஒரு மீட்டிங் தவறினால் வெட்டு. சுகாதாரத் துறையின் ஷைலி ஆப்பில் ஒவ்வொரு வீடாக ஏற்ற வேண்டும், நெட் கிடைக்காது, ஆட்டுப்பட்டி மேட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறேன். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் கலக்கிக் கலக்கி விரல் நுனியில் தோலே இல்லை. அங்கே கேட்பது 21,000. அதைக் கேட்கத்தான் போகிறேன்

லோகு அக்கா: எங்கள் ஊருக்கு வந்துவிடு சரசு

மணி பெரியப்பா: வேண்டாம் என்று யார் சொன்னது. கூடட்டும். கேட்கிற இடம் வேறு என்கிறேன்

திவ்யா: எங்களுக்கும் இதையேதான் சொன்னீர்கள். நர்ஸ்கள் சங்கம் யுஎன்ஏவில் சேர்ந்தபோது ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. 2018 ஏப்ரலில் சேர்த்தலையில் இருந்து நர்ஸ்கள் எல்லாரும் நடக்கக் கிளம்ப இருந்தோம், முந்தின நாள் ராத்திரி அரசாணை வந்தது, அடிப்படைச் சம்பளம் 20,000. நடக்கிறோம் என்று சொன்னதால்தான் வந்தது

மணி பெரியப்பா: கைக்கு வந்ததா

திவ்யா: எங்கள் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதமே புதிதாக வந்தவர்களை எல்லாம் டிரெய்னி என்று எழுதினார்கள். அது வேறு கதை

மணி பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன்

வாத்தியார் சித்தப்பா: (தொடர்ச்சி) இன்று ஆற்றுக்கால் பொங்கல் அல்லவா, சமரம் (போராட்டம்) செய்யும் ஆஷாக்கள் தலைமைச் செயலகத்துக்கு முன்னாலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்திருக்கிறார்கள். இன்றோடு 32 நாள். இதன் வரலாற்றுப் பின்னணி என்னவென்றால்

வாத்தியார் சித்தப்பா: (குரல் செய்தி 7:48)

பிரபு: ஏழு நிமிடமா

பெரியம்மா: சமரம் எல்லாம் சரி. குழந்தைக்கு ஒரு தடவைதான் காது குத்து. வீட்டு மருமகள் இல்லாமல் சீர் எடுத்தால் ஊர் என்ன பேசும்

சரசு அண்ணி: பெரியத்தை, 2020இல் வாளையார் செக்போஸ்டில் டூட்டி பார்த்து வந்தபோது 14 நாள் மோட்டார் ரூமில் இருந்தேன். படியில் ஒரு தட்டு வைத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் எல்லாரும் போய்விடுவீர்கள். ரசம் ஆறிப்போய் மேலே எறும்பு மிதக்கும். அப்போது ஊர் என்ன பேசியது என்று யாரும் கேட்கவில்லை

(9 நிமிடம் யாரும் எழுதவில்லை)

பிரபு: தவறுதலாக ஸ்டிக்கர் போட்டுவிட்டேன், அழித்துவிட்டேன்

பெரியம்மா: அன்றைக்கு எல்லாருக்கும் பயம் கண்ணு

சரசு அண்ணி: எனக்கும்தான்

கவிதா: அண்ணி, அன்றைக்கு நான் பொள்ளாச்சியில் இருந்தேன்

சரசு அண்ணி: உன்னைச் சொல்லவில்லை கவிதா. தட்டு 11. பழம், வெல்லம், துணி எல்லாம் ஞாயிறு மத்தியானமே அடுக்கி வைத்துவிட்டுப் போகிறேன். தோடு பீரோவில் சிவப்பு டப்பாவில் இருக்கிறது, உங்கள் அண்ணனுக்குத் தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்

கவிதா: புதன்கிழமைக்கு மாற்றலாமா

லோகு அக்கா: நான் திங்கள் மட்டும்தான் லீவு போட்டேன்

கவிதா: ஜோசியரைக் கேட்டுச் சொல்கிறேன்

பெரியம்மா: ஜோசியர் பழனிக்குப் போயிருக்கிறார்

செந்தில் அண்ணன்: முதல் தட்டை நான் எடுக்கிறேன்

பிரபு: ஆம்பளை தட்டு எடுக்கலாமா

திவ்யா: மடியில் வைத்துக் காது குத்தலாம், தட்டு எடுக்கக் கூடாதா

லோகு அக்கா: எங்கள் பக்கம் எடுப்பார்கள்

பிரபு: எந்தச் சித்தூர் பக்கம்

லோகு அக்கா: போடா

கவிதா: எதற்கும் நாளைக்குச் சொல்கிறேன். யாரும் லீவைக் கேன்சல் செய்யாதீர்கள். வாடகை வேனுக்கும் இப்போது சொல்ல வேண்டாம்

மணி பெரியப்பா: சரசு, அமிர்தாவில் சீட் கிடைத்ததா

சரசு அண்ணி: வெயிட்டிங் 14 மாமா

மணி பெரியப்பா: தார்ப்பாயைக் கூட போலீஸ் அவிழ்த்துவிட்டார்கள் என்று படித்தேன். மழை வந்தால்? குடை எடுத்துக்கொள்

திவ்யா: அப்பா

மணி பெரியப்பா: குடைதானே சொன்னேன். சரி, திங்கட்கிழமை எனக்கு ஷுகர் பார்க்க யார் வருவது

சரசு அண்ணி: செவ்வாய் காலை வந்துவிடுகிறேன். டீ குடிக்காமல் இருங்கள்

மணி பெரியப்பா: டீ இல்லாமலா

வாத்தியார் சித்தப்பா: (குரல் செய்தி 4:20)

பிரபு: கவிதா அக்கா, சாயங்காலம் பிரியாணி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே