ஐரோ பாடிய எபிசோட்: உங்களுக்கு என்ன நடந்தது?

பின்வரிசை:
'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடர், இரண்டாம் சீசன், 15ஆவது எபிசோட். எந்த இடம் என்று சொல்லவே வேண்டாம். நெருப்பு நாட்டின் முன்னாள் தளபதி ஐரோ, நாள் முழுக்க பா சிங் சே நகரத்தில் சுற்றுகிறார். கத்தியோடு வழிமறித்தவனுக்கே நிற்கும் முறையைத் திருத்திக் கொடுத்து, டீயும் ஊற்றுகிறார். சிரித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் குன்றின் மேல் மரத்தடி, இறந்துபோன மகன் லு டென்னின் படம். சந்தையில் அழுத குழந்தைக்குப் பாடிய அதே பாட்டு, இங்கே பாதியிலேயே குரல் உடைகிறது. சரியாக அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். "கார்ட்டூனுக்கா அழறே?" வாயே திறக்க முடியவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஈரத்துண்டு:
என்னைப் பிடித்து உலுக்கியது பாட்டு இல்லை, அது முடிந்ததும் வந்த எழுத்து. மாக்கோவுக்கு அஞ்சலி என்று. யார் இவர் என்று தேடினால், ஐரோவின் குரலே அவர்தான். 2006 ஜூலையில் இறந்திருக்கிறார், எபிசோட் வந்தது செப்டம்பரில். உடனே திரும்ப ஓட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எதிர்க்கட்சி:
ஐரோ, ஐரோ என்று எத்தனை நாளைக்கு? அதே எபிசோடில் அவர் தம்பி மகன் சுக்கோவின் கதையை யாருமே பேசுவதில்லை. நீரூற்றைச் சுற்றி விளக்குகள் எரியவில்லை என்று கூட வந்த பெண் ஜின் முகம் வாடுகிறது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு இவன் கையிலிருந்தே நெருப்பு விட்டு அத்தனையையும் ஏற்றுகிறான். நெருப்பு நாட்டவன் என்பதை மறைத்து வாழ்பவன், ஊரில் யாராவது பார்த்திருந்தால் அவன் கதை முடிந்தது! அதுவரை துரத்தவும் எரிக்கவும்தான் அந்த நெருப்பு. வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்திவிட்டு, மறுபடி திறந்து "நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறானே, அந்த இடம் எனக்கு மாக்கோவின் பாட்டுக்குச் சமம். கதாநாயகன் ஆங்கின் மிருகக்காட்சிசாலைக் கதை மட்டும் சவசவ.

பொறுப்பானவர்:
நான் அரைத்தூக்கத்தில் பார்த்தேன். காணாமல் போன பறக்கும் காட்டெருமை ஆப்பாவின் கால்தடத்தில் குட்டி லெமூர் மோமோ சுருண்டு படுத்ததும் தூக்கம் போய்விட்டது. அது இருக்கட்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். இதை ஃபில்லர், கதையை நகர்த்தாத எபிசோட் என்று தள்ளாதீர்கள். வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதீர்கள், பாட்டு நாசமாகிவிடும். அதே சீசனில் சுக்கோ தனியாக அலையும் 7ஆவது எபிசோடை முதலில் இன்னொரு முறை பாருங்கள். லு டென் போரில் இறந்த செய்தி கடிதமாக வருவது அதில்தான். ஐரோ 600 நாள் முற்றுகையிட்டுக் கைவிட்ட நகரம் இதே பா சிங் சே என்பது நினைவிருந்தால்தான், அவர் அந்தக் குன்றில் உட்காருவதன் கனம் புரியும். அடுத்த எபிசோடையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், ஆப்பா எங்கே போனது என்று தெரியாமல் படுக்காதீர்கள். ஹெட்போன் நல்லது. பின்வரிசை, உங்கள் தம்பியையும் முதல் சீசனிலிருந்து உட்கார வையுங்கள்.

பின்வரிசை:
உட்கார வைத்தாயிற்று. இப்போது அவன் எதிர்க்கட்சி பக்கம். ஐரோ பாடும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறான்.

எதிர்க்கட்சி:
தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பொறுப்பானவரே, 7ஆவது எபிசோடைப் பார்க்காமல் யாருங்க 15க்கு வருவாங்க?