எல்லையோரத்தில் மொழி: உங்கள் மனதில் தங்கிவிட்ட அனுபவம்

மூணாறுக்காரி:
போன ஐப்பசியில் நடந்தது, இன்னும் மனம் ஆறவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்து வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண், எங்களோடு கொழுந்து கிள்ளியே ஒரு வருடத்தில் தமிழ் பேசப் பழகிவிட்டாள். ஒரு மாலை நோட்டோடு வந்து, "அக்கா, என் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்" என்றாள். அடுப்படி வேலையில் இருந்ததால் ஒன்பதாவது படிக்கும் என் மகளிடம் கொடுக்கச் சொன்னேன். பென்சிலை வாங்கியவள் என்னையே பார்த்தாள். பிறகு மலையாளத்தில் எழுதினாள். அந்தப் பெண் எழுத்தை விரலால் தடவி, "இதுதான் தமிழா?" என்று கேட்டாள். மகளை மலையாளப் பள்ளியில் சேர்த்தது நான்.

கொழிஞ்சாம்பாறை:
அக்கா, பாலக்காட்டு எல்லையில் தமிழ்வழியில் படித்த எங்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? நில வரி விஷயமாகத் தமிழில் மனு எழுதி அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைப் படிக்காமலே திருப்பி நீட்டி, மலையாளத்தில் எழுதி வரச் சொன்னார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது கண்ணிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் நாங்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இல்லை.

பீர்மேட்டுப் பேரன்:
வந்தவர், இருந்தவர் என்று கோடு போடாதீர்கள். என் பூட்டனார், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பின்னால் மலையேறி வந்தவர். 1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்றிலிருந்து நானும் நீங்களும் ஒரே சிறுபான்மைதான்.

நகரிக்காரன்:
எங்களுடையது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். அம்மா மளிகைச் சீட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவாள், வாசித்தால் தமிழாக இருக்கும். தெலுங்கில் ழகரம் இல்லாததால் 'புளுங்கலரிசி' என்றிருக்கும். அவள் போன பிறகு அரிசி டப்பாவில் ஒரு சீட்டுக் கிடைத்தது. சென்னையில் வளர்ந்த தம்பி மகனுக்கு அதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை.

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும். ஆகவே மனுவைக் கையில் கொண்டுபோய் நிற்காதீர்கள். விரைவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் ஒன்று எடுத்து வையுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். அப்புறம் மூணாற்று அக்கா, மகளையும் அந்தப் பெண்ணையும் ஒன்றாக உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு ஒன்றும் தாமதமில்லை.

கொழிஞ்சாம்பாறை:
அண்ணா, தபாலிலும் அனுப்பினோம். பதில் மலையாளத்தில் வந்தது. அப்பா என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் பாதிவரை வாசித்தேன்.