தூத்துக்குடிக்கு எதுக்க இருந்த தீவு முங்கிட்டாமே, நிசமா?

பாளையங்கோட்டைக்காரன்:
மன்னார் வளைகுடால 21 தீவுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம், இப்ப ரெண்டு தண்ணிக்குள்ள போயிட்டுன்னு சொல்லுதாவ. அதுல விலாங்குச்சல்லி நம்ம தூத்துக்குடி பக்கந்தானே? கடல்மட்டம் ஏறுனதாலயா, இல்ல வேற காரணமா? அந்த தீவுகள நம்பி நம்ம பக்கத்து ஆளுங்க என்ன பொழப்பு பாத்தாங்கன்னும் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க. படகுல போய் பாக்க விடுவாங்களா?

கடலோரத்தான்:
நிசந்தான். விலாங்குச்சல்லியும் கீழக்கரை பக்கத்து பூவரசன்பட்டியும் முங்கிட்டு. கடல் ஏறுறதும் ஒரு காரணம், ஆனா பெரிய கேடு நம்ம கையாலதான் நடந்துச்சு. இந்த தீவெல்லாம் வெறும் மணல் மேடு, சுத்தி இருக்க பவளப்பாறதான் அலைய வாங்கி ஒடைச்சி விடும், அந்த பாறைய வல்லம் வல்லமா (படகு படகா) பேத்து கொண்டாந்து சுண்ணாம்பு காளவாசலுக்கும் கார்பைடுங்குற ரசாயனம் பண்ணவும் வித்தாச்சு, பெறகு தீவு எப்படி நிக்கும்? தூத்துக்குடில பழைய வீட்டு செவத்துல பூச்சு உதுந்த எடத்த உத்து பாருங்க, முருகக்கல்லுல பூப்பூவா அச்சு தெரியும், அம்புட்டும் உசுரோட இருந்த பவளம். 1986-ல தேசிய பூங்கான்னு அறிவிச்சாவ, ஆனா கல்லெடுக்குறது நிக்க 2005 ஆயிட்டு. தூத்துக்குடி பக்கத்து வான் தீவு ரெண்டா பிரியுற நெலைக்கு வந்த பெறகு, அதுக்கு எதுக்க கடலுக்குள்ள காங்கிரீட் பாறைய எறக்குனாங்க, அது நல்லாவே தாங்குது. காரைச்சல்லி தீவும் ரொம்ப சுருங்கிட்டு.

புன்னக்காயல் பொண்ணு:
அண்ணே சொல்லுறது சரி, ஆனா கல்லெடுத்தவங்கள மட்டும் கொற சொல்லாதீங்க, அவங்க கூலிக்கு போனவங்க, லாபம் பாத்தது வாங்குனவன். எங்க ஆளுங்களுக்கு கடல விட்டா வேற என்ன இருந்துச்சு? பாண்டியன் காலத்துல இருந்து முத்துக்குளிதான், போர்ச்சுக்கீசியரு, டச்சுக்காரரு, வெள்ளக்காரன்னு எவன் வந்தாலும் முதல்ல கண்ணு வச்சது முத்துச்சிப்பி வெளையுற அந்த முத்துப்பார் மேலதான். 1961-ஓட சலாபம், அதான் அந்த முத்துக்குளிப்பு, நின்னு போச்சு. மிஞ்சுனது சங்கு, அது வங்காளத்துக்கு வளையல் அறுக்க போவும். எங்க மாமா சங்கு குளிக்க போறவரு, கம்ப்ரஷர் காத்துக்குழாய வாயில கடிச்சிகிட்டு எறங்குவாரு, மேல மெஷின் நின்னா கீழ காத்து கெடையாது, வேகமா மேல வந்தா கை கால் வெளங்காம போயிரும். ஒவ்வொரு சங்குக்கும் பின்னாடி இப்படி ஒரு உசுரு இருக்கு, அத யாரும் எழுதுறதே இல்ல.

ஏரல்காரன்:
எங்கூருக்கு பக்கத்து கொற்கைய, பாண்டியன் காலத்து துறைமுகத்த, விட்டுட்டீங்களே. அங்க தோண்டுனப்ப அறுத்த சங்கு துண்டு கெடைச்சிருக்கு, அப்பவே இந்த தொழில் நடந்திருக்கு. இப்ப வயக்காட்டுக்கு நடுவுல கெடக்கு, தாமிரபரணி வண்டல கொண்டாந்து கொட்டி கடல கெழக்க தள்ளிட்டு. அங்ஙன ஆறு நெலத்த வளத்துச்சு, இங்ஙன மனுசன் தீவ கரைச்சிருக்கான்.

கடலோரத்தான்:
தம்பி, போறத பத்தி கேட்டியளே. வனத்துறை அனுமதி இல்லாம தீவுல கால் வைக்க முடியாது, அது நல்லதுதான். துறைமுகத்த ஒட்டுன முயல் தீவுக்கு காணும் பொங்கலன்னைக்கு சனம் குடும்பத்தோட போவும், அது இப்ப கரையோட சேந்துட்டு, நடந்தே போலாம். மண்டபத்துக்கு எதுக்கயும் முயல் தீவு ஒண்ணு இருக்கு, அது வேற, பஸ் ஏறும்போது கொழப்பிக்காதிய.