மறு: அடாப்டருக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி மின்னணுக் கழகத்துக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் பழகும் பிள்ளைகளுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்தது, பவர் அடாப்டர் என்ற ஒரே சொல்லில் நிற்கிறேன்.

முதல் வரைவில் 'நல்ல மின்னேற்றி பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தேன். பிள்ளைகள் வீட்டிலிருந்த கைப்பேசி சார்ஜரை எடுத்துவந்து செருகிவிட்டார்கள். திரை மூலையில் மின்னல் குறி வந்து வந்து போனது. இரண்டு பலகைகள் தாமாகவே அணைந்து எழுந்தன. ஒன்றில் மெமரி கார்டே கெட்டுப்போய் எல்லாவற்றையும் மறுபடி நிறுவினோம். அவர்கள் மேல் தப்பில்லை, நான் எழுதியதைத்தான் செய்தார்கள். ஆகவே மின்னேற்றி வேண்டாம். வேறு என்ன?

———

> வேறு என்ன?

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தகவி. தகவு + இ. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தான். முன்னால் 'மின்' சேர்த்து மின்தகவி என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள். 'தக்கார் தகவிலர் என்பது' என்று வள்ளுவர் தொடங்குகிறாரே, அந்தத் தகவுதான். சுவரில் வரும் மின்சாரத்தைப் பலகைக்குத் தக்கதாக்குவதால் தகவி. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

———

ஐயா பொறுக்க வேண்டும். கருவிப்பொருளில் வரும் இகர விகுதி வினையடியில் ஏற வேண்டும். மாற்று, மாற்றி. ஏற்று, ஏற்றி. தகவு பெயர். பெயரில் இகரம் ஏறினால் நாற்காலி போல 'அதை உடையது' என்றுதான் ஆகும். அதாவது தகவி தானே தகுதியோடு இருக்குமே தவிர, இன்னொன்றைத் தக்கதாக்காது. பிறவினையாக்கித் 'தகுவி' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

———

> தகுவி

யார் வாயில் நுழையும் இது?

அடாப்டரின் வேரைப் பார்த்தால் வழி கிடைக்கும். லத்தீனில் 'ஆப்துஸ்' என்றால் பொருந்தியது. இது நம்முடைய 'அப்பு' அல்லாமல் வேறென்ன? சந்தனம் அப்புதல், சேறு அப்புதல், எல்லாம் ஒட்டிப் பொருந்துவதுதானே. கருவியும் சுவரில் அப்பிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே 'மின்னப்பி'. வேர்ச்சொல் ஆய்வை விரிவாக நான்கு பகுதிகளாகப் பிறகு அனுப்புகிறேன்.

———

மின்னப்பி பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

சாலிடரிங் கோலோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டீச்சர் வகுப்பில் நடந்ததுதான் இங்கே இலக்கணம். சுவரில் செருகும் அந்தப் பெட்டி எதையும் 'ஏற்றுவதில்லை'. பேட்டரியில் எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று பார்க்கும் சுற்று கைப்பேசிக்கு உள்ளேயே இருக்கிறது. சாதாரணப் பெட்டி கொடுப்பது வெறும் 5 வோல்ட். ஆக, கைப்பேசிக்குக்கூட மின்னேற்றி என்பது தப்பான பெயர்தான், வழக்கில் நின்றுவிட்டது.

கைப்பேசியில் பேட்டரி இருப்பதால் பெட்டி கொஞ்சம் தள்ளாடினாலும் ஒன்றும் ஆகாது, ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான். பலகையில் பேட்டரி கிடையாது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் நேராகச் செயலிக்குத்தான் அடி. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அந்த மின்னல் குறி வரும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் கோப்பு போச்சு.

அதனால்தான் பலகை செய்பவர்களே தரும் அடாப்டர் 5 இல்லாமல் 5.1 வோல்ட்டில் வருகிறது. வயரில் தொலையப்போவதை முன்கூட்டியே சேர்த்துவிடுகிறார்கள். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3, பை 5-க்கு 5. இங்கே இன்னொரு குழியும் உண்டு. 65 வாட் மடிக்கணினி சார்ஜர் இருக்கிறதே என்று பை 5-இல் செருகுவார்கள். அந்த 65 வாட் 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பலகை ஓடும், ஆனால் யூ.எஸ்.பி. துளைகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். வெளி ஹார்ட் டிஸ்க் செருகினால் திணறும். எனவே கையேட்டில் வாட்டைப் பார்க்கச் சொல்லாதீர்கள், 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லா? 'வழங்கி' என்று முடிந்தால் போதும் எனக்கு. முன்னால் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

———

'எதையாவது' என்று விட முடியாது, சண்டையே அங்கேதான். பவர் என்றால் தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன். ஆனால் திறன்பேசி என்று ஸ்மார்ட்டுக்கும் அதையே கொடுத்துவிட்டோம். இனி திறன்வழங்கி என்றால் புத்திசாலி அடாப்டர் என்று படிப்பார்கள்.

———

இலங்கைப் பாடநூல்களில் பவர் என்பது வலு. 'வலுவழங்கி' என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். உங்கள் மின்மாற்றி எங்களுக்கு நிலைமாற்றி என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன்.

———

அண்ணா, வலு என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

———

சர்வருக்கும் 'வழங்கி' என்றுதான் எழுதுகிறோம். குழப்பாதா? என் பரிந்துரை 'மின்செவிலி'. பழைய நூல்களில் குழந்தையை வளர்க்கும் ஐவகைச் செவிலித்தாயரில் ஊட்டுவாள் ஒருத்தி. குழந்தைக்கு ஏற்ற பதத்தில் ஊட்டுவது அவள் வேலை, இந்தக் கருவியின் வேலையும் அதுவே. 'மின்னூட்டி' என்றிருப்பேன், ஆனால் மின்னூட்டம் ஏற்கெனவே இயற்பியலில் வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது.

———

செவிலி அழகு. ஆனால் 'செவிலி சூடானால் உடனே பிடுங்கவும்' என்று கையேட்டில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

———

அடாப்டர் என்றே விட்டால் என்ன? வடசொல்லுக்கே எழுத்தை மாற்றி இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். அப்புறம், யாராவது 'பழையன கழிதலும்' என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்த நூற்பா இந்தக் குழுவில் போதும் போதும் என்கிற அளவு வந்துவிட்டது.

———

தம்பி, தொல்காப்பியர் கதவைத் திறந்தார், கதவைக் கழற்றி எறியவில்லை.

———

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: வழங்கிக்கு முன்னால் 'மின்' சேர்த்த மின்வழங்கிக்கு ஐந்து பேர், தகவிக்கு மூன்று, அடாப்டருக்கு இரண்டு, செவிலிக்கும் அப்பிக்கும் அவரவர். அனுப்பப்போகும் வரி இது:

'பலகைக்கு மின்வழங்கி எனப்படும் அடாப்டரைப் பயன்படுத்தவும். கைப்பேசி மின்னேற்றி வேண்டாம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறதா பார்க்கவும்.'

எங்களிடம் இருப்பவை பை 4 என்பதால் 3.

———

வரி சரி. ஒன்று சேருங்கள்: கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. 28 கேஜ் கம்பி உள்ள ஒரு மீட்டர் கேபிளில் போக வர 0.43 ஓம் இருக்கும். 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் அதிலேயே போய்விடும். 5.1 கொடுத்தாலும் பலகைக்கு 4.25-தான், மின்னல் குறி உறுதி. 20 கேஜ் என்றால் இழப்பு 0.13 அளவில் நின்றுவிடும்.

———

கேபிளுக்கு 'வடம்' என்று போடுங்கள். தேர்வடத்தை நினைத்தாவது தடிமனாக வாங்குவார்கள்.

———

வடம் மணிக்கோவைக்கும் உரிய சொல். இழை, நாண், கயிறு, கம்பி எல்லாவற்றையும் சீர்தூக்காமல் முடிவெடுக்கக் கூடாது. தனி இழை தொடங்குகிறேன்.

தகவியை நான் கைவிடவில்லை என்பதும் பதிவாகட்டும்.