பழைய கிரிப் கழட்ட வரல, புதுசுல ஒரு ஓட்டை பெருசா இருக்கு, என்ன பண்ணலாம்?

மழைநாள்_ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். என் பைக்கோட இடது பக்க கிரிப் கொஞ்ச நாளா லூஸா சுத்துது, வெயில்ல பரவால்ல, மழைல கிளட்ச் புடிக்கும்போது கையோட சேந்து திரும்புது, ஒருதடவை திருப்பத்துல அப்படி ஆகி பயந்தே போயிட்டேன். வலது பக்கம் சுத்தல, ஆனா ரப்பர் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. அதனால ஜோடியா புதுசு வாங்கிட்டேன். பாக்கெட்ட பிரிச்சு பாத்தா ஒரு கிரிப்போட ஓட்டை இன்னொண்ண விட பெருசா இருக்கு, இது தப்பான செட்டா? அப்புறம் பழச கையால இழுத்து பாத்தேன், லூஸா சுத்துற இடது பக்கமே வெளிய வரமாட்டேங்குது, வலது பக்கம் அசையவே இல்ல. ஒருத்தர் சோப்பு தண்ணிங்கறார், ஒருத்தர் ஹேர் ஸ்ப்ரேங்கறார், ஒருத்தர் டபிள்யூடி-40 அடின்னு சொல்றார். எது சரி? வீட்லயே பண்ணணும், கம்ப்ரெஸர் எல்லாம் கிடையாது.

பழைய_ஸ்பானர்:
தம்பி செட் சரியாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம். பெரிய ஓட்டை வலது பக்கத்துக்கு. இடது கிரிப் நேரா ஹேண்டில்பார் மேல உக்காரும், வலது கிரிப் ஆக்சிலேட்டர் ட்யூப் மேல உக்காரும், அந்த பிளாஸ்டிக் ட்யூப் பார் மேல மாட்டியிருக்கறதால அதோட கனம் சேந்து விட்டம் கூடிடுது. பெரும்பாலான வண்டில பார் 22 மில்லிமீட்டர், அதாவது 7/8 இஞ்ச், ட்யூப் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 25 வரும். சில க்ரூஸர்ல பாரே 1 இஞ்ச் இருக்கும், அதுக்கு கிரிப் தனி. பழைய கிரிப்ப கழட்டினதும் பாரை ஒருதடவை அளந்துடு.

முதல்ல பார் எண்ட் வெயிட்ட, அதாவது ஹேண்டில்பார் நுனில ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கற குண்ட, கழட்டணும், அது இருக்கறவரைக்கும் எவ்ளோ இழுத்தாலும் வராது. லூஸா சுத்தியும் இடது பக்கம் வராததுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

மண்பாதை:
கம்ப்ரெஸர் இல்லன்னா ஊசி போடுற சிரிஞ்ச் இருந்தா போதும் ப்ரோ. ஐசோப்ரோப்பைல் ஸ்பிரிட்ட சிரிஞ்ச்ல எடுத்து கிரிப்போட ஓரத்துல ரப்பருக்கும் பாருக்கும் நடுவுல நுழைச்சு உள்ள விடுங்க. மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரோ பழைய சைக்கிள் ஸ்போக்கோ ஓரத்துல விட்டு லேசா தூக்கினா வழி கிடைக்கும், முனைய மழுங்க தேச்சுக்கோங்க, இல்லன்னா அலுமினிய பாரையும் ட்யூபையும் கீறிடும். ரெண்டு மூணு இடத்துல விட்டு முறுக்கி முறுக்கி இழுத்தா வழுக்கிட்டு வந்துரும். கிரிப்ப தூக்கி போடப்போறீங்கன்னா இவ்ளோ சிரமமே வேணாம், பிளேடு கத்தியால நீளவாக்குல கிழிச்சு உரிச்சிருங்க. வலது பக்கம் மட்டும் ஆழமா அழுத்தாதீங்க, கீழ பிளாஸ்டிக் ட்யூப், அதுல கோடு ஆழமா விழுந்தா நாள்பட அங்கதான் விரியும். கத்திய கையவிட்டு வெளிப்பக்கமா இழுங்க.

டபிள்யூடி-40 கழட்ட உதவும், ஆனா மாட்டுறதுக்கு வேண்டவே வேண்டாம். அது காயாம எண்ணெய் மாதிரி உள்ளயே தங்கிடும், உங்க இடது பக்கம் இப்ப எப்படி சுத்துதோ புதுசும் அப்படித்தான் சுத்தும். ஸ்பிரிட் தானா ஆவியாயிடும், அதான் வித்தியாசம்.

மழைநாள்_ரைடர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. இடது பக்க பார் எண்ட் வந்துடுச்சு, ஸ்பிரிட் விட்டதும் கிரிப்பும் வந்துடுச்சு, பாரை அளந்தேன், 22 தான். வலது பக்க பார் எண்ட் ஸ்க்ரூ சுத்தவே மாட்டேங்குது, தலை வேற லேசா தேய ஆரம்பிச்சிடுச்சு, நிறுத்திட்டேன்.

பழைய_ஸ்பானர்:
நிறுத்தினது நல்லது, இதுக்கு மேல அதே டிரைவரால திருகாத. ஃபேக்டரில அந்த மரைக்கு த்ரெட் லாக்னு ஸ்க்ரூ லூஸாகாம புடிக்கற பசை போட்டிருப்பாங்க. ஹேர் ட்ரையரோ ஹீட் கன்னோ வச்சு ஸ்க்ரூ தலைய மட்டும் சூடு பண்ணு, பசை இளகும். அப்புறம் தலைல அச்சா பொருந்துற பிட் போட்டு, சுத்தியலால தட்டினா திரும்புற இம்பாக்ட் டிரைவர் இருந்தா அதுல ரெண்டு தட்டு தட்டு, வந்துரும். ஜப்பான் வண்டில பாத்தா நட்சத்திர ஸ்க்ரூ மாதிரியே இருக்கும் ஆனா அது ஜேஐஎஸ்னு வேற அளவு, சாதா டிரைவர் முழுசா உள்ள இறங்காது, அதனாலதான் தலை தேயுது. சில வண்டில வெயிட் சேந்து சுத்தும், அத ரப்பர் துணி சுத்தி பிளையர்ல புடிச்சுக்கிட்டு திருகு.

கழட்டினப்புறம் பாரையும் ட்யூபையும் துடைக்கறதுலதான் பாதி வேலை இருக்கு. பழைய பசை, ரப்பர் தூள், துரு எதுவும் இருக்கக்கூடாது. பசை கெட்டியா இருந்தா பிளாஸ்டிக் தகடு வச்சு சுரண்டிட்டு கடைசியா ஸ்பிரிட் துணியால துடை. அசிட்டோன ட்யூப், ஸ்விட்ச் பெட்டி, டேங்க் பெயிண்ட் பக்கம் கொண்டுபோகாத.

இரவுப்பயணி:
நான் சொல்ல வர்றத யாரும் இன்னும் சொல்லல, தயவுசெஞ்சு இத விட்றாதீங்க. வலது கிரிப்ப ஸ்விட்ச் பெட்டி வரைக்கும் இறுக்கி தள்ளிடாதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன், இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நெனச்சு கடைசி வரைக்கும் அழுத்திட்டேன், வண்டி எடுத்து ஒரு வளைவுல ஆக்சிலேட்டர விட்டா திரும்ப வரல, பாதில நிக்குது, கிளட்ச புடிச்சுக்கிட்டு கில் ஸ்விட்ச்ச அமுக்கித்தான் தப்பிச்சேன். கிரிப்போட விளிம்பு ஸ்விட்ச் பெட்டில உரசிட்டிருந்துது, அவ்ளோதான் விஷயம். உள்பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க, வெளிப்பக்கம் பார் எண்ட் வெயிட்டுக்கும் கிரிப்புக்கும் நடுவுலயும் அதே மாதிரி விடுங்க. ஒரு கெட்டி அட்டைய நடுவுல செருகிட்டு கிரிப்ப தள்ளினா அளவு சரியா நிக்கும், அப்புறம் அட்டைய உருவிடலாம்.

மண்பாதை:
இரவுப்பயணி சொன்னது நூத்துக்கு நூறு. மாட்டுறதுக்கு நான் கிரிப் பசைதான் போடுவேன். ஹேர் ஸ்ப்ரே காஞ்சா ஒட்டும், ஆனா மழைத்தண்ணி உள்ள இறங்கினா இளகும், உங்க பிரச்சனையே மழைலதான வருது. பசைய பார் மேல மெல்லிசா தடவி கிரிப் உள்ளயும் ஒரு கோடு விட்டு, ஒரே மூச்சுல முறுக்கிக்கிட்டே தள்ளணும், நடுவுல நின்னா அங்கயே புடிச்சிக்கும். எந்த டிசைன் மேல வரணும்னு முன்னாடியே பேனாவால குறி போட்டு வச்சுக்கோங்க. வலது பக்கம் பசைய குறைச்சு போடுங்க, வழிஞ்சு ட்யூபுக்கும் பாருக்கும் நடுவுல போச்சுன்னா ஆக்சிலேட்டரே ஒட்டிடும். பொதுவா 24 மணி நேரம் காயவிடணும், பசை டப்பால வேற போட்டிருந்தா அதுபடி.

நாங்க மண் ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு பசையோட மெல்லிசான கம்பியும் கட்டுவோம், கிரிப்புல அதுக்குன்னே பள்ளம் இருக்கும், முறுக்கின நுனிய ரப்பருக்குள்ள மடக்கி விரல் படாத பக்கமா வைக்கணும்.

புதுச்சக்கரம்:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், சூடாகுற கிரிப் மாட்டினாலும் இதே முறைதானா?

பழைய_ஸ்பானர்:
இதே முறைதான், ஒயர் மட்டும் கூடுதல். வலது பக்க ஒயர் ஆக்சிலேட்டரோட சேந்து ஆடும், முழுசா திருகினாலும் இழுபடாத அளவு தொய்வு விடு, பிரேக் லீவர்ல மாட்டாத பக்கமா போகணும். பழைய ட்யூப்ல கோடு கோடா மேடு இருந்தா சில செட்டுக்கு அத அரம் போட்டு சமமாக்கணும், அந்த செட்டோட தாள்ல எழுதியிருக்கும்.

மழைநாள்_ரைடர்:
முடிச்சிட்டேன். சூடு பண்ணி இம்பாக்ட் டிரைவர்ல மூணாவது தட்டுல ஸ்க்ரூ வந்துடுச்சு, தலை போயிருந்ததால புது ஸ்க்ரூ போட்டேன். வலது கிரிப்ப கிழிச்சுதான் எடுத்தேன், ட்யூப்ல கீறல் இல்ல. அட்டை செருகி இடைவெளி விட்டேன். முந்தாநாள் ராத்திரி பசை போட்டு நேத்து முழுக்க வண்டிய எடுக்கல. இன்னைக்கு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹேண்டில இடது கடைசி, நேரா, வலது கடைசின்னு மூணு நிலைலயும் வச்சு ஆக்சிலேட்டர திருகி விட்டேன், டக்குன்னு திரும்புது. ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல வச்சும் ஹேண்டில முழுசா திருப்பி பாத்தேன், ஆர்பிஎம் ஏறல. இடது பக்கத்த ஈரத்துணி சுத்தி ரெண்டு கையாலயும் முறுக்கினேன், அசையல.