காது கேளாத பிள்ளைக்கு படலை பெல்லும் இரவு அலாரமும்: எது சரிவரும்?

கேள்வி (கிளிநொச்சி)
மகளுக்கு 14 வயது. காதுக்கருவி போட்டால் ஓரளவு கேட்கும், படுக்கும்போது கழற்றிவிடுவா. படலை வீட்டிலிருந்து 40 மீற்றர். தகரக் கூரை, கரண்டும் நிண்டு நிண்டுதான் வரும். ஆக்கள் வந்தால் தெரியவும், விடிய எழும்பவும், நெருப்பென்றால் உடனே விழிக்கவும் என்ன பூட்டலாம்?

பதில் 1
அக்கா, படலைக்கு வெளிச்சம் மின்னுகிற வயர்லெஸ் பெல் காணும். பெட்டியில் போட்டிருக்கும் 100 மீற்றர் வெட்டவெளிக் கணக்கு; சுவரும் தகரமும் அதை நல்லாக் குறைக்கும். பட்டனை இரும்புப் படலையில் ஒட்டவேண்டாம், தூரம் இன்னும் குறையும். பக்கத்துக் கதியாலில் ஒரு பலகைத்துண்டு அடித்து அதில் பூட்டுங்கோ. மழைக்கு மூடி போட்டால் அடிப்பக்கத்தைத் திறந்து விடுங்கோ, இல்லாட்டி உள்ளே ஈரம் தங்கிக் கறள் பிடிக்கும்.

வீட்டுக்குள் மின்னுகிற பெட்டி, அதுதான் ரிசீவர், படலைப் பக்க யன்னலோரம் இருக்கட்டும். பிளக்கில் மட்டும் ஓடுவது கரண்ட் போனால் செத்துவிடும். பற்றரியிலும் ஓடுவதாக எடுங்கோ. வெளிச்சம் அந்த அறைக்குள்தான் தெரியும், ஆகவே குசினிக்கும் ஒன்று வேணும். ஒரே பட்டனோடு இரண்டு ரிசீவர் சேர்க்கக்கூடிய செற்றா என்று கேட்டு வாங்குங்கோ. மின்னுவது செக்கனுக்கு ஒன்றிரண்டு தரம் போதும். மூன்றுக்கு மேலே போனால் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து.

பதில் 2
நித்திரையில் வெளிச்சத்தை நம்பவேண்டாம், போர்த்திக்கொண்டோ குப்புறவோ படுத்தால் தெரியாது. விடிய எழும்ப அதிர்வுத் தட்டுள்ள (வயரில் பூட்டின, அலாரம் அடித்தால் அதிர்கிற தட்டு) அலாரம்தான் சரி. தட்டை மெத்தைக்கும் பலகைக்கும் இடையில், தோள் படும் இடத்தில் வையுங்கோ. மெத்தை தடிப்பென்றால் அதிர்வு மேலே வராது. அப்போ தலையணைக்குக் கீழே. பாயில் படுக்கிற பிள்ளைக்கும் அப்படியே, ஆனால் தலையணை உறையில் ஊசி குத்தி வயரை அதோடு கட்டுங்கோ, இல்லாட்டி புரளும்போது கழன்றுபோகும். வேறு அலாரத்தின் தட்டை மாற்றிச் செருக முதல் இரண்டிலும் வோல்ற் ஒன்றா என்று பாருங்கோ.

கேள்வி கேட்டவர்
போனைத் தலையணைக்குக் கீழே வைத்தால் காணாதோ?

பதில் 3
காணாது தங்கச்சி. அதிர்வு பலமில்லை, சார்ஜில் போட்டபடி வைத்தால் சூடேறி நெருப்புக்கும் வழி. அன்ட்ரொயிட்டில் புகை அலாரச் சத்தத்தை அறிந்து அதிர்கிற ஒலி அறிவிப்பு இருக்கு, பகலுக்கு உதவி. உயிர் ஆபத்துக்கு அதை நம்பவேண்டாம் என்று கூகிளே சொல்லுது.

சாதாரண புகை அலாரத்தின் சத்தம் 3000 ஹேர்ட்ஸ் அளவு. கேள்விக்குறைவு உள்ள பிள்ளைகள் பலருக்கு முதலில் போவதே அந்த உயர்ந்த சத்தம்தான். அதனால் அதிர்வுத் தட்டோடு சேர்ந்த செற்றாக, பற்றரி உள்ளதாக எடுங்கோ. விறகடுப்புக் குசினியில் புகை அலாரம் ஓயாமல் அடிக்கும், பிறகு ஆரோ பற்றரியைக் கழற்றிவிடுவினம். புகை அலாரத்தைப் படுக்கை அறையில் பூட்டி, குசினிக்கு வெப்ப அலாரம் போடுங்கோ. எதையும் தகரத்தோடு ஒட்டிப் பூட்டவேண்டாம். வெயிலில் சூடான காற்று அங்கே தேங்கி, புகையை மேலே வரவிடாது.

பூட்டினபிறகு பிள்ளைக்கு முதலே சொல்லிவிட்டு, நல்ல நித்திரையில் இருக்கும்போது மெயின் சுவிச்சை நிப்பாட்டி ஒருக்கா அடித்துப் பாருங்கோ.