வீட்டுக் குழுவில் ஒரு தேர்தல் கணக்கு

தம்பி: பெரியப்பா, எம்.எல்.ஏ.வுக்கு நிக்கிறவர் 40 லட்சம் வரைக்கும்தான் செலவு பண்ணலாமாமே? நிஜமாவா? பிரச்சார வண்டிங்களப் பாத்தா நம்ப முடியல.

பெரியப்பா: நிஜம்தான்பா. 2022 ஜனவரியில ஏத்துனாங்க, அதுக்கு முன்னாடி 30.80 லட்சம். ஆனா அது வேட்பாளருக்கு மட்டும். கட்சி பண்ற செலவுக்கு வரம்பே கிடையாது. என் வயித்தெரிச்சலே அதான்.

அத்தை: அண்ணா, கட்சி செலவு பண்றதும் அந்த ஆள ஜெயிக்க வைக்கத்தானே?

பெரியப்பா: இதையேதான்மா 1974 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. டெல்லியில அமர்நாத் சாவ்லா ஜெயிச்சத எதிர்த்து கன்வர்லால் குப்தா போட்ட கேஸ். வேட்பாளருக்காக கட்சி பண்ண செலவும் வேட்பாளர் கணக்குலதான் சேரும்னு தீர்ப்பு. அதே மாசம் அவசரச் சட்டம் போட்டு அதச் செல்லாம ஆக்கிட்டாங்க.

தம்பி: அதே மாசமா??

பெரியப்பா: ஆமா. 2003ல அந்த ஓட்டையச் சுருக்கினாங்க, அடைக்கல. இப்போ நட்சத்திரப் பேச்சாளர், அதாவது கட்சி பட்டியல் போட்டுக் குடுக்குற தலைவர்களோட பயணச் செலவுக்கு விலக்கு. வேட்பாளர் மேடை ஏறுனாலோ பேனர்ல அவர் பேரு இருந்தாலோ கூட்டச் செலவுல அவர் பங்கு ஏறும். பேரே போடாம தலைவர் படமும் சின்னமும் மட்டும் போட்டா? கட்சியோட பொதுப் பிரச்சாரம், வரம்பு இல்ல. கணக்குக் குழுவுல நான் டூட்டி பாத்தப்போ நிழல் பதிவேடுன்னு ஒண்ணு எழுதுவோம். நாற்காலி, மைக், பந்தல், வண்டி எல்லாத்தையும் நாங்களே தனியா எழுதி, வேட்பாளர் காட்டுற கணக்கோட ஒப்பிடணும். கண் எரிய எரிய எழுதுவோம். ராத்திரி வீடு வீடா போற பணக் கவர் மட்டும் அதுல வராது.

சித்தி: அதுக்குத்தானே 2017ல ஆர்.கே. நகர், 2019ல வேலூர்னு தேர்தலையே நிறுத்துனாங்க. மறுபடி நடந்தப்போ அதே முக்கிய வேட்பாளர்கள்தான் நின்னாங்க. என்ன பயம் இருக்கும்?

அக்கா: கட்சிக்குப் பணம் யார் தராங்கன்னும் முழுசா தெரியணும். யார் தராங்கன்னு வெளிய தெரியாம கட்சிக்குப் பணம் தர வச்ச தேர்தல் பத்திரத்த 2024 பிப்ரவரி 15 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டோட 5 நீதிபதிகளும் ஒருமனதா ரத்து பண்ணாங்க, நல்லது. ஆனா 20,000 ரூபாய்க்கு மேல போகாத நன்கொடைன்னா தேர்தல் கமிஷனுக்குப் பேரு சொல்லத் தேவையில்ல.

அத்தை: என்னதான் மாத்தணும், சொல்லுங்கண்ணா.

பெரியப்பா: கட்சிச் செலவுக்கு வரம்பு வேணும். அப்புறம் சொத்து விவரம். புது எம்.பி. 90 நாளுக்குள்ள அவைத்தலைவர்கிட்ட சொத்துக் கணக்கு தரணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 75ஏ சொல்லுது. அந்தப் பிரிவுல எம்.எல்.ஏ. இல்லவே இல்ல! வேட்புமனுவோட வர்ற பிரமாணப் பத்திரத்த வச்சுதான் நமக்குத் தெரியும். நடுவுல 5 வருஷம் என்ன வாங்குனாங்க, சொந்தக்காரங்க எந்த கான்ட்ராக்ட் எடுத்தாங்கன்னு வருஷா வருஷம் வெளியிட வைக்கணும்.

தம்பி: ஜெயிச்சவர் தேர்தல் செலவ நாம பாக்க முடியுமா?

பெரியப்பா: தாராளமா. முடிவு வந்து 30 நாளுக்குள்ள எல்லா வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட கணக்கு தரணும். தகுந்த காரணம் இல்லாம தராதவர 3 வருஷம் தகுதி நீக்கலாம். தேர்தல் நடத்தை விதி 88ன்படி 1 ரூபாய் கட்டி யாரு வேணா பாக்கலாம். நகலுக்குத் தனிக் கட்டணம்.

தம்பி: 1 ரூபாயா! திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போறேன்.

பெரியப்பா: மனு நான் எழுதித் தரேன். ஜெயிச்சவரோடது மட்டும் இல்ல, தோத்தவங்களோடதும் கேளு.

சித்தி: நானும் வரேன்டா, பத்து மணிக்குக் கிளம்பலாம்.